முப்பத்திரண்டு ஜி.பி.க்கு நான் சொன்ன பதில்

1

"சர்வர் கோர்ஸெல்லாம் ஆம்பளப் பசங்க எடுக்கறதும்மா. பெரிய பெரிய பொட்டியா இருக்கும், தூக்கி ரேக்குல மாட்டணும், ஒயர இழுக்கணும். உனக்கு எதுக்கு அதெல்லாம்? டேட்டா என்ட்ரில சேந்துக்க. ஃபேனுக்கு அடியில ஒக்காந்து பாக்கற வேல."

2004இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் உரிமையாளர் என்னிடம் சொன்னது இது. சிதம்பரத்தில் பொறியியல் முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிய அப்பாவோடு கடலூர் வந்திருந்தேன். பதிந்து முடித்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் வழியில் அந்தப் பலகையைப் பார்த்தேன். உள்ளே போய், "சர்வர் கோர்ஸ் இருக்கா சார்?" என்று கேட்டேன். நான் படிக்கும்போது லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எங்களைப் பார்க்க விட்டதில்லை. அந்த ஆசை பாக்கி இருந்தது.

அப்பா குமராட்சிப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. அம்மாவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் பெயர் சேர்த்த முதல் ஆள் நான். உரிமையாளர் சொன்னதையெல்லாம் அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு அவருக்கு வந்த சந்தேகம் வேறு.

"அந்தப் பொட்டி எவ்ளோ கிலோ சார் இருக்கும்?"

"முப்பது கிலோ இருக்கும்யா. ஏன்?"

"எங்க சிப்பம் நாப்பது கிலோ சார். ஒரு நாளைக்கு நூறு நூத்தம்பது ஏத்துவேன். தூக்கறதுக்கு ஆளு வேணும்னா நான் வந்து தூக்கிக் குடுத்துட்டுப் போறேன். நீங்க உள்ள இருக்கறத அவளுக்குச் சொல்லிக் குடுங்க."

உரிமையாளர் சிரித்துவிட்டார். சேர்த்துக்கொண்டார். ஆறு மாதம் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பஸ்ஸில் போய்வந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பெட்டியை ஒருமுறைகூட யாரும் தூக்கவில்லை. அது வந்த நாளிலிருந்து ஒரே இடத்தில்தான் இருந்தது.

நான் ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு ஐந்து வருடம் ஆகிறது. ஊரிலிருந்து ஃபோன் செய்பவர்கள் குளிர் எப்படி, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்கிறார்கள். வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், "கம்ப்யூட்டர்ல" என்று சொன்னவுடன் திருப்தியாகிவிடுகிறார்கள். இந்த முறை அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அதில் நான் செய்த தவறு ஒன்றும், எடுத்த முடிவு ஒன்றும் இருக்கின்றன.

2

இங்கே என் பெயர் கலியபெருமாள். பாஸ்போர்ட்டில் என் பெயர் தமிழ்ச்செல்வி, அப்பா பெயர் கலியபெருமாள். இரண்டாவதாக இருப்பது குடும்பப் பெயர் என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதனால் அலுவலகத்தில், வங்கியில், பல் மருத்துவரிடம், எல்லா இடத்திலும் நான் திருமதி கலியபெருமாள். வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் அந்தப் பெயர்தான் ஒட்டியிருக்கிறது. பெயர் முடிவதற்குள் தபால்காரருக்கு மூச்சு வாங்கும்.

இதை அப்பாவிடம் ஃபோனில் சொன்னபோது, "எம் பேரச் சொல்லியா கூப்புடறாங்க?" என்று மகிழ்ந்தார். பிறகு யோசித்துவிட்டு, "அப்ப வேலைல நீ ஏதும் தப்பு பண்ணா எம் பேரச் சொல்லித்தான் திட்டுவாங்களா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"பாத்துப் பண்ணு, தாயீ."

ஊர் பிரேமன், வடக்கே ஆற்றங்கரையில் இருக்கும் துறைமுக நகரம். சென்னை நிறுவனம் ஒன்று, பெரிய சரக்குக் கிடங்குகள் நடத்தும் ஜெர்மன் நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பியது. காலையில் டிராமில் போய், சாயங்காலம் டிராமில் திரும்புவேன். மகள் கயலை பாலர் பள்ளியில் விடுவதும் கூட்டி வருவதும் என் கணவர் சேகர். அவருக்குச் சொந்த ஊர் பண்ருட்டிப் பக்கம் திருவதிகை. என் அத்தை மகன்தான். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே ஒரு சைக்கிள் கடையில் அரை நாள் வேலை பார்க்கிறார். "பொண்டாட்டி விசாவுல போனவன்" என்று ஊரில் அவர் சிநேகிதர்கள் கிண்டல் செய்கிறார்கள். "ஆமாண்டா, ஒனக்கு அந்த மாரி பொண்டாட்டி கெடைக்கலன்னு வயித்தெரிச்சல்" என்று அவரும் விடமாட்டார்.

ஆனால் அது உண்மைதான். என் பாஸ்போர்ட்டில் ஒட்டிய தாளில் ஒரு வரி இருந்தது: இந்த நிறுவனத்தின் இந்த வேலைக்கு மட்டும். நிறுவனம் என்னைத் திருப்பி அழைத்தால் அந்தத் தாள் செல்லாது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவருடைய தாளும் கயலுடைய தாளும் செல்லாது.

அந்தத் தாளைப் புதுப்பிக்க முதல்முறை போனபோதே ஒரு கூத்து நடந்தது. ஜெர்மன்காரர்கள் இரண்டரை மணியை "அரை மூன்று" என்பார்கள். மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. நான் நம் கணக்கில் மூன்றரைக்குப் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். அடுத்த தேதி ஆறு வாரம் கழித்து. அந்த ஆறு வாரமும், கையில் தாள் இல்லாமல் ஒரு குடும்பம் இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

3

2010 இலையுதிர்காலம். எங்கள் பெரிய கிடங்கின் சர்வர் திணறத் தொடங்கியது. எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த லாரியில் போகிறது என்று சொல்வது அதன் வேலை. எட்டு ஜி.பி. நினைவகம் இருந்தது. நினைவகம் என்பது வேலை நடக்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் பொருளைப் பரப்பி வைத்துக்கொள்ளும் இடம். கிடங்கு வளர்ந்துவிட்டது, இடம் போதவில்லை. முப்பத்திரண்டு ஜி.பி. ஆக்கலாம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள்.

சர்வர்களுக்குப் பொறுப்பாளர் லோமான். ஐம்பது வயதிருக்கும். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்தோம். அவர் என்னைப் பார்த்து, "இப்போது இருக்கும் இயங்குதளம் முப்பத்திரண்டு ஜி.பி.யை ஏற்குமா?" என்று கேட்டார்.

"ஏற்கும்" என்றேன்.

அது பொய் அல்ல. அந்த சர்வரில் ஓடியது 32 பிட் இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம். அது நினைவகத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் எழுதும் முகவரி குட்டையானது. நான்கு ஜி.பி.யோடு முகவரிகள் தீர்ந்துவிடும். அதைத் தாண்டுவதற்கு ஒரு உபாயம் உண்டு. அந்த உபாயத்தில் அறுபத்து நான்கு ஜி.பி. வரை அது பார்க்கும். ஆகவே, ஏற்கும்.

பதில் சொல்லும்போதே எனக்குள் இன்னொரு வாக்கியமும் ஓடியது. "ஏற்கும், ஆனால் எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ள அதனிடம் உள்ள இடம் ஒரு ஜி.பி.கூடக் கிடையாது, நினைவகம் கூடக்கூட அந்த இடம் சுருங்கும்." சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்தது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு நிறைய யோசித்தேன். பயம் இல்லை. நான் பயந்த சுபாவம் கிடையாது. இது பழக்கம். நம் பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்விக்கு எப்படிப் பதில் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைத்துப்பாருங்கள். கேட்டதற்கு மட்டும் எழுது. கேட்காததை எழுதினால் மார்க் கிடையாது, தப்பாக இருந்தால் இருப்பதும் போகும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத என்னைப் போன்ற பிள்ளைகள் அந்த வித்தையை உயிராகப் பிடித்துக்கொண்டுதான் மேலே வந்தோம். அதில் நான் கெட்டிக்காரி. பிறகு சென்னை நிறுவனம் அதையே வேறு சொல்லில் சொன்னது. வாடிக்கையாளர் கேட்டால் முடியும் என்று சொல், கருத்துச் சொல்லாதே. இரண்டும் சேர்ந்து அன்றைக்கு என் வாயில் "ஏற்கும்" என்று வந்தது.

என் மகளுக்கு இந்த வியாதி இல்லை. அப்போது அவளுக்கு மூன்றரை வயது. "பால் வேணுமா?" என்று கேட்டால் "வேணும்", "வேணாம்" என்பதோடு நிறுத்தமாட்டாள். "வேணாம், அது ரொம்ப சூடு, இது என் கப்பும் இல்ல, அப்பறம் நேத்து மாதிரி ஆடை இருக்கும்." பாதி தமிழ், பாதி ஜெர்மன். பாலர் பள்ளியில் இப்படித்தான் பழக்குகிறார்கள். வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டும். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. நம் பிள்ளை கையை விட்டுப் போகிறதே என்று ஒரு கலக்கமும் இருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்க ஆரம்பித்தேன்.

4

நினைவகத்தை ஏற்றினார்கள். ஒரு வாரம் ஓடியது. அடுத்த திங்கட்கிழமை காலை, லாரிகள் வரிசையில் நிற்கும் நேரம், சர்வரில் இருந்த தரவுத்தளம் செத்தது. எழுப்பினோம். புதன்கிழமை மறுபடி செத்தது. வியாழக்கிழமை இரண்டு முறை. எட்டு ஜி.பி. இருந்தபோது திணறியதே தவிர, இப்படி விழுந்ததில்லை.

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். நினைவகம் இல்லை, ஆகவே தரவுத்தளத்தைக் கொன்றேன் என்று இயங்குதளமே எழுதி வைத்திருந்தது. அதற்குக் கீழே அடுத்த வரியில் கணக்கு. மேல்பகுதியில் பத்தொன்பது ஜி.பி. காலி. கணக்கு வைத்துக்கொள்ளும் அந்தச் சின்னக் கீழ்ப்பகுதியில் ஒன்றுமே இல்லை.

அன்று மதியம் கிடங்கின் கேன்டீனில் உட்கார்ந்து அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். சும்மாதான். குரலில் என்ன கண்டாரோ, "என்னா வேலைல எதுனா பிரச்சினையா?" என்றார்.

"ஆமாம்ப்பா. உங்க கொள்முதல் நிலையம் மாதிரின்னு வெச்சுக்குங்க. களத்துல மூட்டை அடுக்கறீங்க. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு, எங்க இருக்குன்னு எழுதி, அந்தச் சின்ன ஆபீஸ் ரூம்லதான் இருக்கணும். களத்துக்கு எடுத்துட்டு வரக்கூடாது."

"சரி."

"களத்த நாலு மடங்கு பெருசாக்கிட்டாங்க. ரூம் அதே ரூம்."

"சீட்டு நாலு மடங்கு ஆயிடுமே."

"ஆயிடுச்சி. ரூம் பூரா சீட்டு. கிளார்க்கு ஒக்கார எடமில்ல. அவரு வெளிய வந்து, எடமில்ல, எல்லாரும் போங்கன்னு கத்தறாரு. களத்துல முக்காவாசி காலியா கெடக்குது."

அப்பா சிரித்தார். "எவன் அந்தக் களத்தப் பெருசாக்கச் சொன்னது?"

"அப்பறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிட்டேன்.

5

செய்யவேண்டியது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த சர்வரின் மூளை ஐந்து வருடமாக 64 பிட் மூளைதான். அதன்மேல் பழைய 32 பிட் இயங்குதளத்தைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது நாங்கள். இயந்திரத்தை மாற்றவேண்டாம், ஒரு திருகாணியைக்கூடத் தொடவேண்டாம். 64 பிட் இயங்குதளத்தைப் போட்டால் மேல்பகுதி, கீழ்ப்பகுதி என்ற பேச்சே கிடையாது. இன்னொன்றும் உண்டு. 32 பிட்டில் ஒரு தனி நிரல் எப்படிக் கெஞ்சினாலும் மூன்று ஜி.பி.க்கு மேல் பார்க்க முடியாது. எங்கள் தரவுத்தளத்துக்கு இருபது ஜி.பி. வேண்டும். முப்பத்திரண்டு வாங்கியும் அதற்கு மூன்றுதான் கிடைத்தது.

சந்தேகம் வேறு இடத்தில் இருந்தது. இதைச் சொன்னால், அன்றைக்குக் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, சென்னையில் என் மேலாளர் பாலாஜிக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"புது மெமரி சிப்ல ஃபால்ட்டுன்னு சொல்லிடலாம். செக் பண்ண பத்து நாள் டைம் கேப்போம்" என்றார்.

"சிப் நல்லா இருக்கு பாலாஜி. நான் டெஸ்ட் ஓட்டிட்டேன்."

"உன்ன யாரு ஓட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அதான் பிரச்சினை. இதோ பாரு, அவங்க கேட்டாங்க, நீ ஏற்கும்ன, அது ரெக்கார்டுல இருக்கு, டெக்னிக்கலா கரெக்ட். நீயா போயி, எனக்கு அப்பவே தெரியும்னு சொன்னேன்னு வெச்சுக்க, அடுத்த ஃப்ளைட்ல உன்ன வரவழைக்கச் சொல்லுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. குழந்தைய வேற ஸ்கூல்ல போட்டிருக்க."

அன்று வீட்டுக்கு வந்து சேகரிடம் சொன்னேன். கயலுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் போவணும்னா போலாம் செல்வி. பண்ருட்டில சைக்கிள் கடையே இல்லியா என்ன?" என்றார்.

"வெளையாடாதீங்க மாமா."

"வெளையாடல. நீ சொல்லாம வுட்டா அந்தப் பொட்டி சரியாயிடுமா?"

"ஆகாது. திரும்பத் திரும்ப விழும்."

"அப்பறம் என்னா? வுழுவும்போதெல்லாம் நீ இங்க வந்து தோசயப் பாத்துகினே ஒக்காந்திருப்ப. எனக்கு அதான் பயமா இருக்குது."

மறுநாள் காலை லோமானின் அறைக்கதவைத் தட்டினேன். பதிவேட்டின் அந்த இரண்டு வரிகளை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன். காரணத்தைச் சொன்னேன். பிறகு, "நீங்கள் கேட்டபோதே எனக்கு இது தெரியும். ஏற்கும் என்பதோடு நிறுத்திவிட்டேன்" என்றேன்.

"ஏன்?"

"நீங்கள் அதைக் கேட்கவில்லை."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கே எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. அவர் முகம் சிவந்தது.

"அது ஒரு காரணமா, திருமதி கலியபெருமாள்? உங்களை எதற்கு இங்கே வைத்திருக்கிறோம்?"

அப்பா பயந்தது நடந்தேவிட்டது. அவர் பெயரைச் சொல்லித்தான் திட்டு வாங்கினேன். நான் தலையைக் குனியவில்லை. "காரணம் இல்லை. தவறு. சரிசெய்யும் வழியும் கொண்டுவந்திருக்கிறேன்" என்று 64 பிட் பற்றிச் சொன்னேன்.

அவருக்கு உடன்பாடு இல்லை. சர்வரில் லேபிள் அச்சடிக்கும் பழைய நிரல் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டும் லேபிள் அதிலிருந்துதான் வரவேண்டும். அது 32 பிட்டுக்காக எழுதப்பட்டது. எழுதிய நிறுவனம் மூடிப்போய்விட்டது, அதைத் திருத்தி எழுத மூலநிரல் யாரிடமும் இல்லை. லேபிள் இல்லாமல் ஒரு லாரிகூட நகராது. தவிர, 64 பிட்டில் எல்லா முகவரியும் இரண்டு மடங்கு நீளம் ஆவதால் நிரல்கள் அதிக நினைவகம் தின்னும் என்றார். அது நியாயமான ஆட்சேபம்தான்.

"நினைவகத்தைக் கழற்றிவிட்டுப் பழையபடி எட்டுக்கே போய்விடலாம்" என்றார். "திணறினாலும் விழாது. வெள்ளிக்கிழமை மதியம் வரை நேரம். அதற்குள் அந்த நிரல் 64 பிட்டில் லேபிள் அடிப்பதை என் கண்ணால் பார்க்கவேண்டும். இல்லையென்றால் கழற்றுகிறோம். சென்னைக்கும் எழுதுகிறேன், வேறு ஆளை அனுப்பச் சொல்லி."

அன்று புதன்கிழமை.

6

அதே மாதிரி சர்வர் ஒன்று உதிரியாக இருந்தது. அதில் 64 பிட் இயங்குதளத்தைப் போட்டேன். லேபிள் நிரலைக் கொண்டுவந்து வைத்து ஓட்டினேன். "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வந்தது.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. பெயரைக் கேட்டால் காட்டுகிறது, அளவைக் கேட்டால் சொல்கிறது. ஓடு என்றால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. வியாழன் காலை பூராவும் அதிலேயே போயிற்று. பெயரை மாற்றினேன், இடத்தை மாற்றினேன், அனுமதிகளைப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் வந்து எட்டிப்பார்த்து, "இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான், எந்தக் கோப்பு இல்லை என்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நிரல் இல்லை என்று அது சொல்லவில்லை. நிரலை நினைவகத்தில் ஏற்றிவிடும் 32 பிட் துணைக்கோப்பு ஒன்று வேண்டும், அது இல்லை என்கிறது. செய்தியில் அதன் பெயரைச் சொல்லாததால் நான் தப்பான கோப்பையே தடவிக்கொண்டிருந்தேன். 64 பிட் இயங்குதளம் பழைய 32 பிட் நிரல்களைத் தாராளமாக ஓட்டும். அவற்றுக்கு வேண்டிய பழைய துணைக்கோப்புகளையும் பக்கத்தில் வைக்கவேண்டும், அவ்வளவுதான். வைத்தேன். நிரல் எழுந்து உட்கார்ந்தது.

இன்னொன்றையும் பார்க்கவேண்டியிருந்தது. இந்த நிரல் இயங்குதளத்தின் உள்ளே தனக்கென்று ஏதாவது செருகி வைத்திருந்தால் எல்லாம் வீண். உள்ளே நுழையும் பகுதி 64 பிட்டாகத்தான் இருக்கவேண்டும். தேடிப்பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. லேபிளை நெட்வொர்க் வழியாக அச்சுப்பொறிக்கு அனுப்புகிறது, அத்தோடு சரி.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு லோமான் வந்தார். கிடங்கிலிருந்து ஒரு அச்சுப்பொறியைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்திருந்தேன். அவர் ஒரு லேபிள் கேட்டார், வந்தது. ஐந்நூறு கேட்டார். அச்சுப்பொறி கடகடவென்று துப்பிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒன்றைக் கிழித்தெடுத்து, பட்டைக்கோட்டைத் தன் கைக்கருவியால் படித்துப்பார்த்தார். ஒரு "பீப்" கேட்டது. பிறகு வேறொன்று. மறுபடி "பீப்".

"தரவுத்தளம்?" என்றார்.

"இருபது ஜி.பி. கொடுத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டது." பிறகு, அவர் கேட்பதற்கு முன்பே, "நீங்கள் சொன்னதும் சரி. எல்லா நிரல்களும் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் தின்கின்றன. அந்தக் கணக்கு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. லேபிள் நிரலை 32 பிட்டாகவே விட்டுவைத்தால் அது தின்பது அதிகமாகாது. எதெது பழையபடி இருக்கலாம் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இதில் நான் சோதிக்காதது ஒன்று இருக்கிறது, காப்புப்பிரதி எடுக்கும் நிரல். அதற்கு இரண்டு நாள் வேண்டும்" என்றேன்.

மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தார். பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டு, "நீங்களும்" என்றார். அந்த நிறுவனத்தில் வெளியாள் ஒருவர் தொழில்நுட்ப முடிவில் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை. எனக்கு அது அப்போது தெரியாது. போட்டேன்.

அடுத்த வார இறுதியில் பெரிய சர்வரை மாற்றினோம். அதற்குப் பிறகு அது நினைவகம் இல்லை என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பாலாஜி சென்னையிலிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில் போட்டார். "நம் குழுவின் முன்யோசனை" என்று தலைப்பு. அதில் என் பெயர் இல்லை. சேகர் அதைப் படித்துவிட்டு, "முன்யோசனையா? பத்து நாள் டைம் கேட்டது யாரு?" என்றார். நான் அதற்குப் பதில் மெயில் போட்டேன். எந்தக் கூட்டத்தில் எதைச் சொல்லாமல் விட்டேன், அதனால் எத்தனை முறை சர்வர் விழுந்தது, சென்னையில் இதே மாதிரி ஓடும் மற்ற வாடிக்கையாளர்களின் சர்வர்கள் எவை என்று எழுதி, அவர் அனுப்பிய எல்லோருக்கும் அனுப்பினேன். பாலாஜி ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவரே ஃபோன் செய்து, "அந்த மூணு பக்கத்த அனுப்பு" என்று கேட்டார்.

7

போன வருடம் லோமான் என்னை அவர்கள் நிறுவனத்திலேயே சேரச் சொன்னார். சென்னை நிறுவனத்துக்கு ராஜினாமா எழுதினேன். தாளில் இருந்த அந்த வரியை மாற்ற வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். பட்டச் சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். அதை ஜெர்மனில் பெயர்க்கவேண்டும் என்றார்கள். பெயர்த்தவர் முத்திரை செல்லாது என்றார்கள். நான்காவது முறை, இப்போதெல்லாம் சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்பே போய்விடுகிறேன், புதுத் தாளைக் கொடுத்துவிட்டார்கள். எந்த நிறுவனத்தில் வேண்டுமானாலும் வேலை செய்யலாம்.

இப்போது நான் உட்கார்வது முடிவெடுக்கும் குழுவில். பதினோரு கிடங்குகளிலும் எந்த சர்வரில் எந்த இயங்குதளம் என்று அங்கேதான் தீர்மானிக்கிறோம். இந்த மாதம் ஒரு கிடங்கிலிருந்து விண்ணப்பம் வந்தது. நாற்பத்தெட்டு ஜி.பி. நினைவகத்தோடு புது சர்வர், 32 பிட் இயங்குதளத்தோடு. ஏன் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். நாங்கள் அனுமதித்த இயங்குதளங்களின் பட்டியலில் அதுதான் முதலில் இருந்தது என்றார்கள்.

குழுவில் விவாதம் நடந்தது. பழையதும் பட்டியலில் இருந்துவிட்டுப் போகட்டும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள் இரண்டு பேர். ஓடிக்கொண்டிருக்கும் பழைய சர்வர்களை அவற்றின் காலம் முடியும்வரை தொடவேண்டாம், புதிதாக ஒன்றுகூட அப்படிப் போடக்கூடாது என்றேன் நான். வாக்கெடுப்பு இங்கே கிடையாது. யார் பொறுப்பேற்கிறாரோ அவர் சொல்வது நடக்கும். நான் ஏற்கிறேன் என்றேன்.

நேற்று காலை பட்டியலைத் திறந்து 32 பிட் என்ற வரியை நீக்கினேன். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் என் முழுப்பெயரை எழுதினேன். மதியத்துக்குள் ஹனோவர் கிடங்கிலிருந்து கோபமாக ஒரு மெயில் வந்துவிட்டது. அவர்கள் நிரல் 64 பிட்டில் ஓடாதாம். முயன்று பார்த்தார்களாம், "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வருகிறதாம். திங்கட்கிழமை காலை ஏழேகால் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.